கூப்பிட்டால் வந்துவிடும் மிஸ்ஸி

எங்கள் கிளினிக்கில் கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒரு நாள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "யாருய்யா இது, தேத்தண்ணியப் பாதி குடிச்சிட்டுப் பாதிய வச்சிட்டுப் போறது? ஜன்னல்ல ஒன்னு, அலமாரி மேல ஒன்னு, மருந்து ரூம்ல ஒன்னு. எல்லாத்துலயும் ஆடை கட்டிக் கெடக்கு. நீதானே டிரைவரு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். தேத்தண்ணியைப் பாதியில் வைக்கிற ஆளா நான்? டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கிடக்கும் சீனியையும் விடாதவன். "போய் மிஸ்ஸியக் கேளுங்க" என்றேன்.

நர்ஸை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். கேமரன் மலையில் எத்தனையோ மிஸ்ஸிகள் உண்டு. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மிஸ்ஸி என்றால் அவர் ஒருவர்தான். அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சட்டையில் குத்தியும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. இப்போது ஓய்வு பெற்று ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார்.

டம்ளரை உதட்டில் வைப்பார், இரண்டு மடக்கு இறங்கும், அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். யார், என்ன விஷயம், அவசரமா இல்லையா, ஒன்றும் கேட்க மாட்டார். கைக்கு எட்டிய இடத்தில் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். லயத்து வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுகிற பழக்கமும் கிடையாது. வாசலில் நின்று "வந்துட்டேன்" என்பார். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது அந்தக் குரலுக்காக நானே வாசலில் காத்துக் கிடந்திருக்கிறேன்.

நான் ஆம்புலன்ஸ் டிரைவர். அவர் பாட்டுக்குச் சரி சரி என்று சொல்லிவிடுவார், ஓட்ட வேண்டியவன் நான்தானே? லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த சமயம், பாதி வழியில் பாதையே இல்லை. "அலாமாக், திரும்பிடலாம் மிஸ்ஸி, வண்டி போகாது" என்றேன். பக்கத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். செருப்பைக் கழற்றித் தன் சீட்டில் வைத்துவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அங்கே ஒரு காய்கறித் தோட்டத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. திரும்பி வந்தபோது தலை முதல் கால் வரை சேறு. அப்படியே ஏறி உட்கார்ந்தார். அன்று காலையில்தான் துடைத்த சீட்டு. நான் கத்தினேன். "ஆம்பளப் புள்ள" என்றார். "சீட்டு மிஸ்ஸி, சீட்டு!" என்றேன். "சீட்டக் கழுவிக்கலாம் தம்பி. புள்ளயத் திருப்பி உள்ள வைக்கவா முடியும்?" என்றார்.

அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது பொய்யாகிவிடும். கூப்பிடப்படுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அதை முகத்துக்கு நேராகச் சொன்னது பாக்கியம் அக்கா மட்டும்தான். பாக்கியம் அக்கா கியா பார்மில் சாலையோரம் கடை போட்டு, அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்றவர். மிஸ்ஸியோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவரும் பேசினால் வாடி போடிதான். சோளம் வெட்டுகிற கத்தியில் ஒருமுறை விரலைக் கிழித்துக்கொண்டு பாக்கியம் அக்கா போன் போட்டார். அன்று மிஸ்ஸியின் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, மிஸ்ஸி பட்டுப் புடவையோடு கியா பார்மில் நின்று விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு துணியச் சுத்திக்கடின்னு சொன்னாப் போதாதா? அதக் கேக்கத்தானே போன் போட்டேன்" என்றார் பாக்கியம் அக்கா. "ஏண்டி, எங்களுக்கு ஒன்னுன்னு ஓடி வர்றியா? இல்ல, கூப்பிடுறாங்களேன்னு ஓடி வர்றியா?"

மிஸ்ஸி சிரித்தார். பாக்கியம் அக்கா கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, "போலாம் தம்பி" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

பிறகு கொரோனா வந்தது. மலைக்கு ஏறும் பாதையில் போலீஸ் தடுப்பு. பஸ் இல்லை, சுற்றுலாக்காரர் இல்லை, பாக்கியம் அக்காவின் சோளப் பானை கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தோம். மூடு உடை என்கிற பாதுகாப்பு உடைக்குள் வேர்வை ஊற்றும், கழற்றினால் மலைக் குளிர் எலும்பில் ஏறும். லயங்களில் சுவர் ஒன்று, குழாய் ஒன்று. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பார். அங்கே நோய் புகுந்தால் ஒரு வீட்டோடு நிற்காது.

தடுப்பூசி போட்டு முடிந்ததும் கீழே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. கிளினிக்கில் வேலை செய்கிற எல்லோரிடமும் மாதா மாதம் ரத்தம் எடுப்பார்கள். ஊசியால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு ஊறியிருக்கிறது, அது நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து, வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு, கீழே கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்.

முடிவு நம்பராக வரும். எங்கள் டாக்டர் கோத்தா பாருவிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண், சின்ன வயது, பொறுமைசாலி. "இது பரீட்சை மார்க் இல்லை. நம்பர் கூடினால் நோயே வராது என்றும் இல்லை" என்று மலாயில் தலைபாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? எங்களுக்கு அது மார்க்கேதான். எங்கள் டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர், முதல் மார்க் வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நான் இரண்டாவது. கூட்டிப் பெருக்குகிற அம்மா என்னைவிடக் கொஞ்சம் குறைவு. "மெஷின் கெட்டுப் போச்சு லா" என்று சொல்லிவிட்டார்.

மிஸ்ஸிக்கு ஒன்றுமே வரவில்லை. இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு. மறுபடி எடுத்தார்கள், அதே கதை. அதற்கடுத்த முறையும் அப்படியே. அப்போதுதான் அவருடைய விரல் முட்டிகளை நான் ஒழுங்காகப் பார்த்தேன். இஞ்சி மாதிரி புடைத்திருந்தன. மூட்டு வாதத்துக்கு வருஷக் கணக்காக மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார். அந்த மாத்திரை மூட்டைத் தின்கிற சக்தியை அடக்குவதற்கானது. ஊசியால் வர வேண்டிய சக்தியையும் அது சேர்த்து அடக்கிவிட்டது என்றார் டாக்டர். "உங்களுக்கு நோய் வந்தால் தாங்காது. இனி நீங்கள் எந்த நோயாளி பக்கத்திலும் போகக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போன் மட்டும் எடுங்கள்."

மிஸ்ஸி தலையாட்டினார். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியிலிருந்து லயத்துக்காரர்கள் கேட்டார்கள், "என்னா மிஸ்ஸி, ஆபீசர் ஆயிட்டீங்களா?" என்று. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். இவருக்கு மழுப்பத் தெரியாது. "எனக்குப் போட்ட ஊசி வேலை செய்யல. நோய் வந்தா நான் போயிடுவேனாம். அதான் கூண்டுல வச்சிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு போன் அடிப்பது குறைந்தது. காய்ச்சல் என்று யாரும் வரவில்லை. இருமல் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் டிவிஷனில் புது நோயாளியே இல்லை. டிரெசருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம லயத்த பாத்தியா? சுத்தமா இருக்கு!" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு வெயில் காய்ந்தேன்.

மிஸ்ஸி மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு நாள் உள்ளே போனேன். மேசை மேல் டம்ளர் இருந்தது. முழுக்கக் காலி. அடியில் சீனிகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சொரேர் என்றது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு டம்ளரை நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, போன் கெட்டுப் போச்சா பாரேன்" என்றார்.

ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"யாருக்கும் நோய் இல்ல, அடிக்கல. நல்லதுதானே மிஸ்ஸி?"

"பெரிய மழை பேஞ்சிருக்கு. பனி இறங்குது. ஒருத்தருக்குக்கூடத் தடுமன் புடிக்கலையா? இந்த லயத்துலயா?" என்று கேட்டார்.

காளிமுத்து தாத்தாவைக் கொண்டு வந்தது ஆம்புலன்ஸ் இல்லை. கோலா தெர்லா பக்கம் காய்கறி ஏற்றப்போகிற ஒரு சின்ன லோரி. காலிக் கோஸுக் கூடைகளுக்கு நடுவில் கம்பளி சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், கல் மாதிரி ஆள். அன்று உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். டிரெசர் ஆக்சிஜன் வைத்தார், நான் வண்டியை எடுத்தேன், பிரேக்கை மறந்து ஓட்டினேன். வழியில் ரிங்லெட் தாண்டும்போதே தாத்தா போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது தாத்தாவின் மருமகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். மிஸ்ஸி உள்ளே நின்றிருந்தார். "எத்தன நாளா காய்ச்சல்? ஏம்மா சொல்லல? ஒரு போன் போடக் கூடாதா?" என்று கேட்டார்.

"நான் போடுறேன்னுதான் சொன்னேன் மிஸ்ஸி. அவருதான் போனப் புடுங்கி வச்சிக்கிட்டாரு. 'சொன்னா மிஸ்ஸி வந்துரும். கூப்பிட்டா அது வராம இருக்காது. வந்தா செத்துரும். எனக்கு வயசாச்சு, அது இருக்கட்டும்'ன்னாரு. தாத்தா மட்டும் இல்ல மிஸ்ஸி. லயத்துல எல்லாருமே அப்படித்தான் பேசி வச்சிருக்கோம். மேல் வரிசையில மூனு வீட்டுல காய்ச்சல் கெடக்கு. உங்ககிட்ட யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மிஸ்ஸி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. புடைத்த கையால் மேசையை ஓங்கி அறைந்தார். "பைத்தியக்கார ஜனங்க!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் கோபம்தான், ஆனால் யார் மேல் படுவது? ஒருத்தரைக் காப்பாற்ற ஒரு தோட்டமே காய்ச்சலை மூடி வைத்திருந்தது. அன்பில் இப்படியும் ஒரு மடத்தனம் உண்டா?

"நான் வருவேன்னு பயந்துதானே கூப்பிடல?" என்றார் மிஸ்ஸி. "தம்பி, கோயில் மைக்கு வேலை செய்யுதா?"

மாரியம்மன் கோயில் மைக்கு திருவிழாவுக்குத்தான் எடுப்பார்கள். நாலு லயத்துக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கி கட்டியிருக்கும். தோட்டத்து மானேஜரிடம் டாக்டர் பேசினார். பூசாரி கதவைத் திறந்துவிட்டுத் தூரமாகப் போய் நின்றுகொண்டார். கோயில் வாசலில் மிஸ்ஸி தனியாக நின்றார். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிகிற பெரட்டுக்களத்தில் ஈ காக்கை இல்லை. பனி இறங்கித் தேயிலைச் செடி எதுவும் தெரியவில்லை. ஜன்னல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"நான் மிஸ்ஸி பேசுறேன்" என்றார். குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. "காளிமுத்து தாத்தா செத்துட்டாரு. கொரோனாவால மட்டும் சாகல. என்மேல வச்ச பாசத்தால செத்தாரு. அந்தப் பாசம் எனக்கு வேணாம். கேட்டுக்குங்க. இனிமே யாரு கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். நான் பெத்த புள்ள கூப்பிட்டாலும் வரமாட்டேன். டிரெசர் வருவாரு, டிரைவர் வருவாரு. நான் போன்லதான் இருப்பேன். டாக்டர் 'போகலாம்'ன்னு சொல்ற வரைக்கும் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன். அதனால கூப்பிடுங்க. சளியா, கூப்பிடுங்க. தலைவலியா, கூப்பிடுங்க. நான் வரமாட்டேன். சும்மா சொல்லல. சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன்."

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சூடத்தை அடித்து அணைத்தார். தட்டு அதிர்ந்த சத்தம் நாலு லயத்துக்கும் கேட்டது. எங்கள் தோட்டத்தில் நிலத்தகராறு, கல்யாணத் தகராறு எல்லாவற்றுக்கும் சூடம் அடித்திருக்கிறார்கள். வரமாட்டேன் என்பதற்குச் சூடம் அடித்தவர் அவர் ஒருவர்தான். வாழ்நாள் முழுக்க வந்துட்டேன், வந்துட்டேன் என்று சொன்ன வாய் அது.

அவர் கோயில் படி இறங்குவதற்குள் கிளினிக்கில் போன் அடித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. மேல் வரிசை, கீழ் வரிசை, பாலத்துக்கு அந்தப் பக்கம். டிரெசரும் நானும் மூடு உடை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினோம். மிஸ்ஸி போனில் இருந்தபடியே எங்களை ஆட்டி வைத்தார். "அந்த வீட்டுல புள்ளைக்கு இழுப்பு உண்டு, மொதல்ல அங்க போங்க." "அவரு காய்ச்சல் இல்லம்பாரு, நம்பாதீங்க, நெத்தியத் தொட்டுப் பாருங்க." சிலரைக் கீழே அனுப்பினோம். எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் போன் வரவில்லை. அது கீழ் வரிசையில் இருந்த பாக்கியம் அக்கா வீடு.

"நல்லாத்தான் இருக்காங்க போல" என்றேன்.

"நல்லா இருந்தா எனக்குப் போன் போட்டுத் திட்டுவாளே" என்றார் மிஸ்ஸி. இவராகப் போன் போட்டால் பாக்கியம் அக்காவின் கணவர் முனியாண்டி எடுப்பார். "தூங்குறா மிஸ்ஸி", "குளிக்குறா மிஸ்ஸி" என்பார்.

நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், என் கைப்பேசிக்கு முனியாண்டி அண்ணன் கூப்பிட்டார். கிளினிக் நம்பருக்கு இல்லை, எனக்கு. "டிரைவரே, பாக்கியத்துக்கு மூச்சு வாங்குது. பேச முடியல. நீங்க மட்டும் வாங்க. மிஸ்ஸி காதுக்குப் போக வேணாம்."

என் கோபம் எனக்கு எதிரி. "பாக்கியம் அக்காவுக்கா? இப்பவா சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் மிஸ்ஸி எழுந்தது தெரிந்தது.

நான் வண்டிக்கு ஓடினேன். டிரெசர் பின்னால் ஏறி உடையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தால் பக்கத்துச் சீட்டில் மிஸ்ஸி உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு முகமூடி, அவ்வளவுதான்.

"எறங்குங்க மிஸ்ஸி."

"வண்டிய எடு தம்பி."

"சூடம் அடிச்சீங்க!"

"அந்தப் பாவத்த நான் பாத்துக்குறேன். எடு!"

நான் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து டிரெசர் கண்ணாடியைத் தட்டிக் கத்துகிறார். அங்கே ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது, இங்கே நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்தால் இவரைக் கொண்டுபோய் நோய்க்குள் தள்ளுகிறேன். எடுக்காவிட்டால் பாக்கியம் அக்கா அந்த வீட்டிலேயே போய்விடுவார். மிஸ்ஸியைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கையில் இழுப்பதற்கு எந்த இடம் நல்ல இடம்?

கைப்பேசியில் முனியாண்டி அண்ணனின் லைன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அதிலிருந்து குரல் வந்தது. பாக்கியம் அக்காவின் குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்தது.

"அவ... இருக்காளா... வண்டியில?"

நான் கைப்பேசியைச் சத்தமாக வைத்தேன்.

"ஏய் பாக்கியம், பேசாத. இதோ வந்துட்டேன்டி" என்றார் மிஸ்ஸி.

"தெரியும். அதான்... கூப்பிடல." கொஞ்ச நேரம் இரைப்பு மட்டும் கேட்டது. "ஊரே நம்புச்சு... ஒன் சத்தியத்த. நான் நம்பல. ஒன்ன எனக்குத் தெரியாதா? நீ வந்தா... கதவத் தொறக்க மாட்டேன். வண்டியில ஏற மாட்டேன். இங்கேயே கெடப்பேன்."

"அடி பாவி, செத்துருவடி!"

"அப்ப... வராத."

மிஸ்ஸி முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கதவுப் பிடியில் கை வைத்தார். விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளித் திறந்து இறங்கினார். "போ தம்பி, சீக்கிரம் போ" என்றார். நான் சாவியைப் போட்டேன்.

பாக்கியம் அக்கா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார். முனியாண்டி அண்ணன் வாசலில் நனைந்துகொண்டு, "எங்கள நம்ப மாட்டேங்குறா" என்று அழுதார். ஜன்னல் திரை கொஞ்சம் விலகி, ஒரு விரல் வண்டியைக் காட்டியது. முன்சீட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார் என்று புரிந்தது. திறந்து காட்டினேன். காலிச் சீட்டு.

"நெசமா வரலையா?"

"வரலக்கா. சத்தியமா வரல."

தாழ்ப்பாள் விழுந்தது. கதவு திறந்ததும் பாக்கியம் அக்கா என் மேலேயே சாய்ந்தார். வண்டியில் ஆக்சிஜனை மூக்கில் வைத்ததும் டிரெசரிடம் கேட்டாராம், "அழுதாளா?" என்று. "மழையில ஒன்னும் தெரியலக்கா" என்று டிரெசர் சொன்னாராம். கிளினிக் வளைவைத் தாண்டும்போது மிஸ்ஸி கேட்டுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடைகூட இல்லை. வண்டிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் பாக்கியம் அக்காவுக்கு மூச்சுக் குழாய் போட்டார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று வெகு நாள் ஒன்றும் தெரியவில்லை. மிஸ்ஸி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வார்டுக்குப் போன் போடுவார். பேசி முடித்ததும் மேசை மேலிருக்கும் தேத்தண்ணியை எடுத்து முழுக்கக் குடித்துவிடுவார். அந்தக் காலி டம்ளரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை நானே போய்ப் பாதியில் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இதற்கு நடுவில் கீழே இருக்கும் மூட்டு டாக்டர் மிஸ்ஸியின் மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நிறுத்திவிட்டு மூன்றாவது ஊசியைப் போட்டார்கள். மாத்திரை நின்றதும் கை இரண்டும் வீங்கிவிட்டன. ரிசீவரைப் பிடிக்க முடியாமல் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. அந்தக் குழாயை மட்டும் நான் ஐஸ் பெட்டியில் தனியாக வைத்து, முட்டையைக் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோனேன்.

நம்பர் வந்த அன்று டாக்டரே கண்ணாடிக்கு உள்ளே போய்ச் சொன்னார். ஏறியிருந்தது. டிரெசர் மார்க்கை எட்டவில்லை, என் மார்க்கையும் எட்டவில்லை, ஆனால் ஏறியிருந்தது. "இது வேலி இல்லை. கவனமாகத்தான் இருக்க வேண்டும். மூடு உடை இல்லாமல் நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. மற்ற வீடுகளுக்கு முகமூடியோடு போகலாம்" என்றார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். எங்கே என்று கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளாகியிருந்தது. நாலு எட்டு நடந்தால் இரைக்கும், ஆனால் வாய் பழையபடி ஆகிவிட்டது என்று முனியாண்டி அண்ணன் சொல்லியிருந்தார். மிஸ்ஸி வாசலில் போய் நின்றார். நான் ஓரமாக நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வந்துட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நம்பர் என்னா?"

"தொறடி மொதல்ல."

"நம்பரச் சொல்லு, தொறக்குறேன்."

மிஸ்ஸி சொன்னார். லயத்தில் பாதிப் பேர் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது நீ சொல்றதா, டாக்டர் சொன்னதா? டிரைவர் தம்பி, நீ இருக்கியா? இவ சொல்றது நெசமா?"

"நெசம்தாங்க்கா. டாக்டர் சொல்லும்போது நானும் கேட்டேன்" என்றேன்.

தாழ்ப்பாள் விழுந்தது. பாக்கியம் அக்கா பாதியாக இளைத்திருந்தார். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, தொடவும் இல்லை. ஒருவரை ஒருவர் மேலிருந்து கீழே வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கையப் பாரு, கட்டுமரம் மாதிரி" என்றார் பாக்கியம் அக்கா. "நீ மட்டும் என்னாவாம், கருவாடு" என்றார் மிஸ்ஸி. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. வந்ததைச் சொன்னால் என்ன?

முனியாண்டி அண்ணன் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் பெஞ்சின் இரண்டு முனையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மிஸ்ஸி முகமூடியை இறக்கி, டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து உதட்டில் வைத்தார். இரண்டு மடக்கு இறங்கியது. மேல் வரிசையிலிருந்து ஒரு பொண்ணு, "மிஸ்ஸி! எங்க அப்பாயி கட்டில்லேருந்து விழுந்துருச்சு!" என்று கத்தினாள்.

மிஸ்ஸி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். யார், என்ன, எவ்வளவு அடி, ஒன்றும் கேட்கவில்லை. முகமூடியை ஏற்றிக்கொண்டு படியேறிவிட்டார்.

"போறா பாரு, திருந்தாத ஜென்மம்" என்றார் பாக்கியம் அக்கா இரைத்துக்கொண்டே. பிறகு நகர்ந்து வந்து அந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். சரியாகப் பாதி இருந்தது. அது ஆடை கட்டும் வரைக்கும் யாரையும் எடுக்க விடவில்லை.